மாருதி 800-க்கு ஒரு தமிழ்ப் புத்தகம்: நாம எழுதலைன்னா யார் எழுதுவா?



எலக்ட்ரிக் கார், ட்ரோன், ஏஐ என்று எழுத நம்ம இதழில் ஆள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது 2014-லேயே உற்பத்தி நின்றுபோன ஒரு காரைப் பற்றி. மாருதி 800. "அதுல என்னடா இருக்கு எழுத?" என்று கேட்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக கல்வராயன் மலைக்கு ஏறிப் பாருங்கள். பிக்கப், ஜீப், கவர்மென்ட் பஸ், பைக் என்று எல்லாம் போகும். நடுவில் ரெண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஒரு 800-ம் ஏறும். உள்ளே அஞ்சு பேர், டிக்கியில் ஒரு மூட்டை.

நமக்கு அது பழைய கார். அந்த வீட்டுக்கு அதுதான் ஆம்புலன்ஸ், ஸ்கூல் வேன், சந்தைக்குப் போகிற வண்டி, எல்லாமே. மலை மேல் கிராமங்களுக்கு பஸ் நினைத்த நேரத்துக்குக் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு குழந்தைக்கு காய்ச்சல் ஏறினால் வெள்ளிமலைக்கோ கள்ளக்குறிச்சிக்கோ எதில் போவது? ஒரு புது பைக் விலையை ஒட்டிய காசில் செகண்ட் ஹேண்டில் கிடைத்த இந்த நாலு சக்கரம்தான் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. இது ஒரு பார்ட் கிடைக்காமல் மூணு வாரம் ஷெட்டில் நின்றால், அந்த மூணு வாரமும் அந்த வீட்டில் எல்லாமே நின்றுபோகும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. இந்த வண்டிகள் பார்ட் இல்லாமல் சாகவில்லை. எழுதி வைத்த அறிவு, அதுவும் தமிழில் எழுதி வைத்த அறிவு இல்லாமல் சாகின்றன. அந்த வேலையைச் செய்ய மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கிற நம்மை விடப் பொருத்தமான ஆள் கிடையாது.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம்

1983 டிசம்பர் 14-ல் முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 1986-ல் பாடி மாறியது. இன்றைக்கு நாம் ரோட்டில் பார்ப்பது அந்த இரண்டாம் தலைமுறைதான். 1997-ல் முகம் கொஞ்சம் உருண்டையானது. 2000-ஐ ஒட்டி கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது. 2010 ஏப்ரலில் பிஎஸ் 4 விதி வந்தபோது சென்னை உட்பட 13 நகரங்களில் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் கடைசி வண்டி வெளியே வந்தது. இந்த முப்பது வருஷத்தில் தயாரானது 25 லட்சத்துக்கும் மேல். கடைசியாக வந்த வண்டிக்கே 15 வயசு ஆவது 2029-ல்தான். அதனால், "இதெல்லாம் மியூசியத்துக்குப் போக வேண்டியது" என்று சொல்வது இப்போதைக்குப் பொருந்தாது.

இன்ஜின் மூணு சிலிண்டர். போர் 68.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 72 மில்லிமீட்டர். செகண்ட் இயரில் படித்ததை இப்போது போட்டுப் பாருங்கள்: ஆரம் 3.425 செ.மீ., பரப்பு 36.85 சதுர செ.மீ., அதை 7.2-ஆல் பெருக்கினால் 265.3. மூணு சிலிண்டருக்கு 796 சிசி. எக்ஸாமில் எழுதுகிற அதே கணக்குதான்; பார்க்கிங்கில் நிற்கிற காரின் ஆர்சி புக்கிலும் அந்த எண்தான் இருக்கும். நம்ம சிலபஸுக்கும் இந்த வண்டிக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

வண்டி எதனால் நிற்கிறது?

கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு ஷெட்டில் உட்கார்ந்து நான் கேட்ட வரைக்கும், பழைய 800 ஷெட்டிலேயே தங்கிப்போகக் காரணம் மூணு. ஒன்று, பார்ட் கிடைக்காது. இரண்டு, கிடைக்கும், ஆனால் தப்பான பார்ட்டாக இருக்கும். மூணு, சரியான பார்ட்டைத் தப்பாக மாட்டியிருப்பார்கள். இதில் முதலாவதை மட்டும்தான் எல்லாரும் பேசுகிறோம். உண்மையில் மூணுமே தகவல் பிரச்சினைதான்.

"அண்ணே, இதுக்கு கம்பெனி மேனுவல் ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"மேனுவலா? அதெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும் தம்பி. எனக்கு என் மேஸ்திரி சொன்னதுதான் மேனுவல். அவருக்கு அவரோட மேஸ்திரி."

அந்த அண்ணனின் கையைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை. சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். ஆனால் அவர் தலையில் இருப்பது அவரோடு போய்விடும். நம்ம ஊர் நாட்டு வைத்தியர்களில் எத்தனை பேர் மருந்தைப் பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார்கள்? அதே கதைதான் இங்கேயும். அவர் பையன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. ஷெட்டில் இருக்கிற இளவட்டம் பைக் வேலைக்குத்தான் ஆசைப்படுகிறான். அதில்தான் காசு சீக்கிரம் வருகிறது.

மேனுவல் என்ன சொல்லும், ஏன் சொல்லும்?

ரெண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, ஹெட் போல்ட். 800-ன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஹெட் கேஸ்கெட் மாற்றினால் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ரெண்டு மூணு தவணையாக, குறிப்பிட்ட டார்க்கில் முறுக்க வேண்டும். நிறைய ஷெட்டில் டார்க் ரெஞ்ச் கிடையாது. "கை நிக்கிற வரைக்கும்" முறுக்குவதுதான் வழக்கம். நாம் டிசைன் பேப்பரில் படித்தது என்ன? டார்க் என்பது நட் ஃபேக்டர், இழுவிசை, போல்ட் விட்டம் இந்த மூன்றின் பெருக்கல். மரையில் ஆயில் இருந்தால் நட் ஃபேக்டர் குறையும். அதே டார்க்கில் இழுவிசை ஏறிவிடும். அதாவது ஆயில் பட்ட போல்ட்டை வழக்கமான கை பலத்தில் முறுக்கினாலே அது அளவுக்கு மேல் நீண்டுவிடலாம். ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்ச்சி என்றால் ஹெட் வளையும், கேஸ்கெட் மறுபடி போகும், தண்ணீர் ஆயிலில் கலந்து பால் டீ நிறத்துக்கு வரும். ஆறு மாசத்தில் அதே வேலைக்கு அதே வண்டி அதே ஷெட்டுக்கு வந்து நிற்கும். ஓனர் சொல்லுவார், "பழைய வண்டி, அப்படித்தான்." அப்படியெல்லாம் இல்லை. மேனுவலில் ஒரு படமும் ஒரு எண்ணும் இருந்த இடம் அது.

இரண்டாவது, தெர்மோஸ்டாட். மலை ஏறும்போது வண்டி சூடாகிறது என்று போனால், பல இடத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். "இது இருந்தா தண்ணி ஓட்டம் அடைக்கும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தெர்மோஸ்டாட்டின் வேலையே இன்ஜின் சரியான சூட்டுக்கு வந்த பிறகு வழிவிடுவது. அது இல்லாவிட்டால் இன்ஜின் எப்போதும் குளிர்ச்சியாகவே ஓடும். எம்பிஎஃப்ஐ வண்டியில் கூலன்ட் சென்சார் "இன்னும் சூடாகலை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இசியு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், புகை கூடும், பிளக் கறுக்கும். நிஜக் காரணம் அடைத்துப்போன ரேடியேட்டரோ, பிரஷர் பிடிக்காத மூடியோ, கூலன்ட்டுக்குப் பதில் ஊற்றிய போர் தண்ணீரோ அப்படியே இருக்கும்.

இறக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி எடை 650 கிலோவை ஒட்டி. ஆளும் மூட்டையும் சேர்த்து 900 கிலோ. 500 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் கரைய வேண்டிய ஆற்றல் சுமார் 44 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கிற நிலைக்குக் கொண்டுபோகப் போதுமான சூடு அது. நியூட்ரலில் போட்டு இறங்கினால் இதில் பெரும்பங்கு பிரேக் பேடிலும் லைனிங்கிலும் போய் உட்காரும். "ஏறின கியர்லயே இறங்கணும்" என்று நம்ம ஊர் டிரைவர்கள் சொல்வதன் இயற்பியல் இதுதான். லைனிங் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்கிற அளவு எங்கேயாவது தமிழில் ஷெட் சுவரில் ஒட்டியிருக்கிறதா? நான் பார்த்ததில்லை. அந்த அளவு தெரியாமல் போனால் விலை பணம் மட்டும் இல்லை, நண்பர்களே.

தேடுகிறவர்களுக்கு நாலு விஷயம்

கட்டுரை கருத்து சொல்வதோடு நின்றால் போதாது. வீட்டில் 800 வைத்திருக்கிறவர்களுக்கு உடனே பயன்படக்கூடியது இது.

ஒன்று, வண்டியின் பேரை வைத்துத் தேடாதீர்கள், கோடை வைத்துத் தேடுங்கள். இரண்டாம் தலைமுறை 800-ன் மாடல் கோடு எஸ்பி308. இன்ஜின் கோடு எஃப்8பி. இது சுசுகி ஆல்டோவின் அதே வடிவம். பாகிஸ்தானில் இதே கார்தான் சுசுகி மெஹ்ரான் என்ற பேரில் 1989 முதல் 2019 வரை வந்தது. நம்மைப் போலவே அங்கும் ஸ்டியரிங் வலது பக்கம், இன்ஜினும் 796 சிசி. நமக்கு 2014-ல் நின்றது அவர்களுக்கு இன்னும் அஞ்சு வருஷம் ஓடியது. அதனால் சுசுகி ஆல்டோ, மெஹ்ரான் என்று தேடினால் கிடைக்கிற வரைபடங்களில் பெரும்பகுதி நம்ம வண்டிக்கும் பொருந்தும். வயரிங் நிறம், எமிஷன் பைப் மாதிரி விஷயங்களில் மட்டும் வித்தியாசம் இருக்கும். நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இரண்டு, ஆம்னியை மறக்காதீர்கள். மாருதி ஆம்னியிலும் இதே 796 சிசி இன்ஜின் குடும்பம்தான். அது 2019 வரை வந்தது. ஆகவே இன்ஜினுக்கு உள்ளே போகிற பல சாமான்கள் ஆம்னி பேரில் கடையில் கிடைக்கும். ஆனால் ஆம்னி பின்சக்கரத்தில் ஓடுகிற வண்டி, 800 முன்சக்கரத்தில் ஓடுவது. கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் இந்தக் கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள். கார்புரேட்டர் மாடலா எம்பிஎஃப்ஐ மாடலா என்பதையும் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூணு, பார்ட் நம்பரைப் படிக்கப் பழகுங்கள். சுசுகி பார்ட் நம்பரில் முதல் அஞ்சு இலக்கம் அது என்ன சாமான் என்று சொல்லும். 16510 என்றால் ஆயில் ஃபில்டர், 13780 என்றால் ஏர் ஃபில்டர். மீதி இலக்கங்கள் எந்த வண்டிக்கு, எந்த வகை என்று சொல்லும். "800-க்கு ஒரு ஃபில்டர் குடுங்க" என்று கேட்பதற்கும் முழு நம்பரைக் காட்டிக் கேட்பதற்கும் கிடைக்கிற பொருளில் வித்தியாசம் இருக்கும். பழைய சாமானைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் மேல் இருக்கிற நம்பரை போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அந்தப் போட்டோதான் உங்கள் வண்டியின் முதல் மேனுவல்.

நாலு, எதைப் பழசில் வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சென்னை புதுப்பேட்டையில் கழற்றின சாமான் கிடைக்கும், ஜி.பி. ரோட்டில் புதுசு கிடைக்கும். கதவு, கண்ணாடி, பம்பர், டேஷ்போர்டு, சீட் இதெல்லாம் புதுப்பேட்டையில் தாராளமாக வாங்கலாம். பிரேக் ஷூ, பிரேக் சிலிண்டர், ஸ்டியரிங் பால் ஜாயின்ட், டைமிங் பெல்ட், பிரேக் ஹோஸ் இவற்றைப் பழசிலும் வாங்காதீர்கள், பேர் தெரியாத டூப்ளிகேட்டிலும் வாங்காதீர்கள். கம்பெனி டப்பா கிடைக்காவிட்டால், அசல் பார்ட்ஸ் செய்கிற பெரிய தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பேரிலேயே கடைக்கு விடுகிற சாமான் இருக்கும். பிரேக்குக்கும் மின்சாதனத்துக்கும் பேர்போன பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டிவிஎஸ்ஸும் 1960-களிலிருந்து நம்ம சென்னை பாடியில்தான் இருக்கின்றன. சாமான் செய்கிற ஊர் நம்ம மாநிலத்திலேயே இருக்கிறது. அந்தச் சாமானை எப்படி மாட்டுவது என்கிற எழுத்துதான் நம்ம மொழியில் இல்லை.

சட்டம் நம்ம பக்கம்தான்

"கம்பெனி ஏன்டா மேனுவலைக் குடுக்கணும்? அது அவங்க சொத்து" என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கு. 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் ஸ்பேர் பார்ட்ஸையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருக்கின்றன என்பதுதான் குற்றச்சாட்டு. 2014 ஆகஸ்ட் 25-ல் ஆணையம் தீர்ப்புச் சொன்னது. 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். ஸ்பேர் பார்ட்ஸும் கருவிகளும் வெளியே கிடைக்க வேண்டும், தனி மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கிடைக்க வழி செய்ய வேண்டும், பார்ட்ஸ் விலையைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்றும் உத்தரவு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின; அபராதச் சண்டை நீண்டது. ஆனால் "வண்டியை விற்ற பிறகு அதைப் பழுது பார்க்கிற வழியையும் பூட்டி வைக்கலாமா?" என்கிற கேள்வி அன்றைக்கே இந்தியாவில் பதிவாகிவிட்டது.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கான இணையதளம் தொடங்கப்பட்டது. எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் வாகனமும் ஒன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-லேயே இதற்காக ஓட்டுப் போட்டார்கள். கிட்டத்தட்ட 86 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். அங்கே கார் கம்பெனிகள் தகவலைக் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

நம்ம நாட்டில் இது பெரும்பாலும் புதுக் கார் வைத்திருக்கிற நகரத்து ஆட்களின் பேச்சாகவே இருக்கிறது. கரியாலூரில் பழைய 800 வைத்திருக்கிறவருக்கும் இதே உரிமை உண்டு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும், இணையதளத்தில் ஆங்கிலத்தில் போட்டால் அது அவருக்குப் போய்ச் சேராது. இதை மொழிப்பற்று என்று ஒதுக்கிவிடாதீர்கள். வாசிக்க முடியாத மேனுவல் பூட்டிய மேனுவலுக்குச் சமம்.

எதிர்க்கேள்விகள்

"பழைய கார் புகை கக்கும், அதை ஸ்கிராப் பண்றதுதான் சரி." பாதி நியாயம். பழைய கார்புரேட்டர் வண்டி புது பிஎஸ் 6 வண்டிக்கு ஈடாகாது. ஆனால் மலையில் இருக்கிறவர் 800-ஐ ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் ஆறு லட்சத்துக்குப் புதுக் கார் வாங்கப் போவதில்லை. 15 வருஷம் ஆன காரை மறுபதிவு செய்யும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. அதையும் கட்டி ஓட்டுகிறார்கள், வேறு வழி இல்லாததால். ஆகவே நம்ம முன்னால் இருக்கிற தேர்வு பழைய காரா புதுக் காரா என்பது இல்லை. சரியாகப் பராமரித்த பழைய காரா, கண்டபடி பராமரித்த பழைய காரா என்பதுதான். புகையைப் பற்றி நிஜமாகவே கவலைப்படுகிறவர்கள்தான் மேனுவல் வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும்.

"ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, பாதுகாப்பே இல்லாத வண்டி." உண்மை. இதை மறைக்க நான் தயாராக இல்லை. தமிழ்க் கையேடு வந்தால் அதன் முதல் பக்கத்திலேயே இதைப் போட வேண்டும்: இந்த வண்டியில் பைபாஸில் 100-ல் போகாதே, நாலு பேருக்கு மேல் ஏற்றாதே, சேஸி துருப்பிடித்திருந்தால் ஓட்டாதே, எந்தத் துரு வந்தால் வண்டியை விட்டுவிட வேண்டும் என்று படத்தோடு. எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்வதும் ஒரு நல்ல மேனுவலின் வேலை.

"யூடியூப்ல எல்லாம் இருக்கே பாஸ்." இருக்கிறது, நல்லதும் இருக்கிறது. தமிழிலேயே பொறுமையாகச் சொல்லித் தருகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சல்யூட். ஆனால் ஹெட் போல்ட் வரிசை வேண்டும் என்றால் 20 நிமிஷ வீடியோவில் எங்கே தேடுவது? கை முழுக்க கிரீஸ், மலை மேல் சிக்னலும் இல்லை. ஒரு தாள் சுவரில் ஒட்டியிருந்தால் அரை நிமிஷ வேலை. அப்புறம், வீடியோவில் சொன்னது எந்த வருஷ மாடலுக்கு என்று பாதி பேர் சொல்வதே இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

இங்கிலாந்தில் ஜான் ஹெய்ன்ஸ் என்று ஒருவர். 1956-ல், பள்ளியில் படிக்கும்போதே, ஆஸ்டின் 7 என்கிற பழைய மலிவுக் காரை மாற்றிக் கட்டுவது எப்படி என்று ஒரு சின்னக் கையேடு போட்டார். பிறகு ஒரு நண்பரின் காரைப் பிரித்துக் கட்டும்போது கம்பெனி மேனுவல் சாதாரண ஆளுக்குப் புரியாது என்று கண்டார். ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்தார். 1966-ல் முதல் ஹெய்ன்ஸ் மேனுவல் வந்தது. முழுதாகப் பிரித்து, முழுதாக மாட்டி, பார்த்ததை மட்டும் எழுதுவது என்பதுதான் அவர் முறை. நாம் செய்ய முடியாத எந்த மந்திரமும் இதில் இல்லை.

என் யோசனை இது. வருஷா வருஷம் ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு எத்தனை சோலார் கிராஸ் கட்டர், எத்தனை லைன் ஃபாலோயர் ரோபோ செய்கிறோம்! வைவா முடிந்ததும் அது லேப் மூலையில் தூசி தின்கிறது. ஒரே ஒரு வருஷம், நாலு பேர் கொண்ட ஒரு டீம், ஓடாத ஒரு 800-ஐ வாங்கி முழுக்கப் பிரிக்கட்டும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எந்த சைஸ் ஸ்பேனர், எந்த வரிசை, என்ன டார்க், எது தேய்ந்தால் எந்த அளவில் மாற்ற வேண்டும் என்று அளந்து, போட்டோ எடுத்து, கோட்டுப்படம் போட்டு, தமிழில் எழுதட்டும். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் டார்க் ரெஞ்சும் நம்ம லேபில் இருக்கின்றன. அதற்கு இதைவிட நல்ல வேலை கொடுக்க முடியுமா?

எழுதும் தமிழ் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. கிளட்ச் பிளேட்டை கிளட்ச் பிளேட் என்றே எழுதுங்கள். உரசிணைப்பி வட்டு என்று எழுதினால் நமக்கே அகராதி வேண்டும். ஷெட்டில் என்ன பேர் சொல்கிறார்களோ அதுதான் அந்தப் பொருளின் பேர். அதனால் டீமில் பாதி வேலை ஷெட்டில்தான் நடக்க வேண்டும். மேஸ்திரி அண்ணன்களை உட்கார வைத்துக் கேளுங்கள், பதிவு செய்யுங்கள், அவர்கள் சொன்னதை அளவெடுத்துச் சரிபாருங்கள், சரியாக இருந்தால் அவர் சம்மதத்தோடு அவர் பேரையே போடுங்கள். தப்பாக இருந்தால் ஏன் தப்பு என்று அவரிடமே போய் உட்கார்ந்து பேசுங்கள். கிண்டியில் இருக்கிற தேசிய பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் ஐடிஐ மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவுக்குத் தமிழிலும் புத்தகம் போடுகிறது. எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்ற சந்தேகத்துக்கு அதைப் பார்க்கலாம். அது பொதுப் பாடம். நமக்குத் தேவை இந்த ஒரு வண்டிக்கான புத்தகம்.

பதிப்புரிமை பயம் வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். 1957-ம் வருஷ பதிப்புரிமைச் சட்டம் எழுத்தையும் படத்தையும் காக்கிறது. ஒரு போல்ட்டின் டார்க் எண் என்கிற வெறும் தகவலை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. கம்பெனி மேனுவலை ஸ்கேன் போட்டு மொழிபெயர்த்து வெளியிடாதீர்கள். நீங்களே பிரித்து, நீங்களே படம் போட்டு, நீங்களே எழுதுங்கள். முடித்ததும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடுங்கள். தமிழ் விக்கிநூல்கள் இருக்கிறது, ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் இருக்கிறது. பிடிஎஃப் மட்டும் போதாது. ஹெட் போல்ட் வரிசை, பிரேக் அளவு, பிளக் கேப் மாதிரி முக்கியமான பத்துப் பக்கத்தை லேமினேட் செய்து கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம், வெள்ளிமலை ஷெட்டுகளுக்குக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். செலவு ஒரு சிம்போசியம் பேனர் காசுதான் ஆகும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒரு காலத்தில் தமிழ்நாட்டு ரோடுகளில் எங்கும் ஓடியது. 1980-களின் கடைசியில் கம்பெனி கார் செய்வதை நிறுத்தியது. இன்றைக்கு அந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. வண்டி பணக்கார ரசிகர்களின் ஷோவுக்குப் போய்விட்டது. 800-க்கும் அந்த நாள் வரும். ஆனால் ஹெரால்டு ஷோவுக்குப் போனதால் யார் வீட்டு ராத்திரி அவசரமும் நிற்கவில்லை. மலை மேல் 800 நின்றால் நிற்கும். அதைத் தெரிந்த மேஸ்திரிகள் இன்னும் ஷெட்டில் இருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள்?

அடுத்த செமஸ்டர் புராஜெக்ட் டைட்டில் கொடுக்கிற தேதி வருகிறது. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், புரொடக்‌ஷன் யாராக இருந்தாலும் சரி, தமிழ் நன்றாக எழுதத் தெரிந்த இசிஇ ஆளாக இருந்தாலும் சரி, ஆர்வம் இருந்தால் இதழ்க் குழுவிடம் பேர் கொடுங்கள். வீட்டில் ஓடாத 800 நிறுத்தி வைத்திருக்கிறவர்கள் ரெண்டு மடங்கு வரவேற்கப்படுகிறார்கள். முதல் வேலையாக, கச்சிராயபாளையம் ரோட்டு அண்ணனிடம் ஒரு சனிக்கிழமை கேட்டு வைத்திருக்கிறேன். "வாங்க தம்பி, ஆனா காலைல எட்டு மணிக்கே வரணும், சும்மா வேடிக்கை பாக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார்.